எரிந்த ஆம்ப்ளிபையரும் ஐந்தாம் ஆண்டு மின்சுற்றும்



ஐந்தாம் ஆண்டு அறிவியலில் மின்சாரம் என்னும் அலகு வரும்போதெல்லாம் வகுப்பில் ஒருவராவது ஒரு வினாவை எழுப்புவதுண்டு. தொடர் மின்சுற்றில் இரண்டு மின்குமிழ்களை இணைத்தால் இரண்டும் மங்கி எரிகின்றன. ஒன்று பழுதானால் மற்றதும் அணைந்துவிடுகிறது. வீட்டிலும் பள்ளியிலும் விளக்குகள் இணையாகவே பொருத்தப்பட்டிருக்கின்றன. அப்படியானால் தொடர் மின்சுற்றை யார்தான் பயன்படுத்துகிறார்கள்? நியாயமான வினாதான். தேர்வில் வரும் என்று சொல்லித் தப்பிப்பது ஆசிரியருக்கு அழகன்று. (யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு அப்படித் தப்பிக்கவும் வழியில்லை!)

அந்த வினாவிற்குத் தக்கதொரு விடையை நம் பீடோர் பட்டணத்தில், மகிழுந்து ஒலிக்கருவிகளைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை ஒன்றில் பார்த்தேன். ஆசிரியர்களுக்கும், திருப்புளியும் கையுமாகத் திரியும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் மாணவர் ஒருவரின் தந்தை வேன் ஓட்டுபவர். காலையில் தோட்டப்புறத்துப் பிள்ளைகளை ஏற்றிவந்து பள்ளியில் விடுவார். அவருடைய வேனின் பின்னிருக்கைக்கு அடியில் ஓர் ஆம்ப்ளிபையர் இருக்கிறது. பாட்டுக் கேட்பதற்காகப் பொருத்தியதுதான். என்றாலும் மின்வசதி எட்டாத திடலின் மூலையில் ஓட்டப் பயிற்சி நடக்கும் நாள்களில் எங்கள் அறிவிப்புக் கருவியும் அதுவே. போட்டி விளையாட்டுக்கு இரண்டு வாரங்களே இருந்தபோது அது ஊமையாயிற்று. புதிய பியூசைச் செருகினால் செருகிய கணமே எரிந்தது. மூன்று மாதங்களுக்கு முன்பும் இதே பழுதுதானாம். அப்போது ஒரு கடையில் சரிசெய்து தந்திருக்கிறார்கள். இம்முறை அதே கடையில், "போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்" என்று கூறி 650 ரிங்கிட் விலை சொல்லிவிட்டார்கள். வேன் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது சிறு தொகையன்று.

பீடோரில் பட்டறை வைத்திருக்கும் இளைஞர் எங்கள் பள்ளியின் பழைய மாணவர். கண்டோனீஸ் பேசும் ஒரு தௌக்கேயிடம் சில ஆண்டுகள் வேலை கற்றுக்கொண்டு, பிறகு தனியே தொடங்கியவர். வேன்காரர், ஆறாம் ஆண்டு படிக்கும் அவருடைய மகன், நான் என மூவரும் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அங்குச் சென்றோம். மகனைப் பற்றித் தந்தைக்குப் பெருங்குறை. "வீட்டுல ஒரு சாமான் முழுசா இல்ல சார். ரிமோட்டு, காத்தாடி, எல்லாத்தையும் பிரிச்சிப் போட்டுடறான். புத்தகத்தை மட்டும் பிரிக்கிறதில்ல." வழி நெடுக இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். பையன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

பழுதைப் பற்றிச் சொல்வதற்கு முன், அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். மகிழுந்தின் மின்கலன் தரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 12 வோல்ட். ஒலிபெருக்கியின் மின்தடை பெரும்பாலும் 4 ஓம். இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் (12ஐ 12ஆல் பெருக்கி, 4இன் இரு மடங்காகிய 8ஆல் வகுத்தால்) ஒலிபெருக்கிக்குக் கிடைக்கக்கூடியது 18 வாட் மட்டுமே. மகிழுந்து வானொலியின் பெட்டியில் 50 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். 12 வோல்ட்டை அப்படியே பயன்படுத்தும் கருவியால் அவ்வளவு தர இயலாது. அதிக ஒலி வேண்டுமென்றால் மின்னழுத்தத்தை உயர்த்தியாக வேண்டும். 12 வோல்ட் 30 வோல்ட்டானால் அதே கணக்கு 112 வாட்டைக் காட்டும்.

உயர்த்துவது எப்படி? மின்மாற்றி இருக்கிறதே என்பீர்கள். ஆனால் மின்மாற்றி மாறுதிசை மின்னோட்டத்துக்கு மட்டுமே வேலை செய்யும். மின்கலனிலிருந்து வருவதோ ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம். எனவே அதை முதலில் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். வால்வு வானொலிக் காலத்தில், அதாவது 1930களில், இந்த வேலையை அதிர்வி என்னும் சிறு கருவி செய்தது. அதனுள்ளே ஒரு மெல்லிய உலோக நாக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து மின்னோட்டத்தை வெட்டிவிடும். அக்காலத்து மகிழுந்து வானொலிகள் பாட்டுக்கு முன் வண்டுபோல் ரீங்காரமிட்டது அதனால்தான். இன்று அந்த நாக்கின் இடத்தில் மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர்கள் வந்துவிட்டன. அவை இரண்டு அணிகளாக நிற்கும். ஓர் அணி திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். நொடிக்குப் பல்லாயிரம் தடவை இந்த மாற்றம் நடக்கிறது. எந்த அணி எப்போது திறக்க வேண்டும் என்று கட்டளையிடுவதற்கு ஒரு சில்லு இருக்கிறது. பெரும்பாலான கருவிகளில் அது டி.எல்.494 அல்லது அதற்கு இணையானதொன்று. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் இந்தப் பழைய சில்லைப் பழைய கணினிகளின் மின்வழங்கிப் பெட்டிகளிலும் காணலாம். வெட்டப்பட்ட மின்னோட்டம் உளுந்து வடை வடிவில் செப்புக் கம்பி சுற்றிய ஒரு மின்மாற்றிக்குள் சென்று, உயர்ந்த மின்னழுத்தத்தோடு வெளிவருகிறது. அதை டயோடுகள் மீண்டும் ஒரு திசையாக்குகின்றன. பாட்டைப் பெருக்கும் பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆக, ஆம்ப்ளிபையர் என்று நாம் சொல்லும் பெட்டியின் ஒரு பாதி உண்மையில் ஒரு மின்வழங்கி. கொதிப்பதும் வெடிப்பதும் பெரும்பாலும் அந்தப் பாதிதான்.

இனி பட்டறைக்கு வருவோம். தம்பி பெட்டியைத் திறக்கும் முன்பே ஒன்று கேட்டார். "அண்ணே, ரேடியோவ தட்டினப்புறம் பியூஸ் எரியுதா, இல்ல பேட்டரி வயர மாட்டின ஒடனேயா?" மாட்டிய உடனே என்றார் வேன்காரர். அந்த ஒரு விடையிலேயே தேடவேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஆம்ப்ளிபையருக்கு மூன்று கம்பிகள் வரும்: மின்கலனிலிருந்து நேராக ஒன்று, வண்டியின் உடலோடு இணையும் 'எர்த்' ஒன்று, வானொலியிலிருந்து 'விழித்துக்கொள்' என்று சொல்லும் மெல்லிய கம்பி ஒன்று. அந்த மூன்றாவது கம்பி சொல்வதற்கு முன்பே பியூஸ் எரிகிறதென்றால், சில்லு இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. பாட்டைப் பெருக்கும் பகுதிக்கு மின்சாரம் சென்றிருக்கவே முடியாது. எனவே முதல் ஐயம் மூன்று இடங்களின் மீதுதான்: நுழைவாயிலில் நிற்கும் மாஸ்ஃபெட்டுகள், முனைகளை மாற்றி இணைத்தால் காக்கும் டயோடு, அங்குள்ள மின்தேக்கிகள்.

மீட்டரை வைத்துப் பார்த்தார். இரண்டு முனைகளுக்கும் இடையே மின்தடை ஏறத்தாழ சுழியம். மூன்று மூன்றாக ஆறு மாஸ்ஃபெட்டுகள். இடப்பக்கத்து மூன்றும் கெட்டவை போலவே காட்டின. ஆனால் மூன்றும் இணையாக இருப்பதால் ஒன்று கெட்டாலே மூன்றும் அப்படித்தான் காட்டும். இந்த இடத்தில் பையன் வாயைத் திறந்தான். "அப்போ எது கெட்டதுன்னு எப்படித் தெரியும் அண்ணா?" தம்பி ஒவ்வொன்றின் காலுக்கும் முன்னால் இருந்த சிறு மின்தடையத்தைக் காட்டினார். அவை தனித்தனியானவை. இரண்டு நலமாக இருந்தன; ஒன்று கருகிப் பிளந்திருந்தது. குற்றவாளி அதற்குப் பின்னால் நின்றது.

என்னைக் கவர்ந்தது அடுத்து அவர் செய்தது. புதிய மாஸ்ஃபெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே அவற்றைப் பொருத்தாமல் இருந்தார். மின்மாற்றிக்கு அப்பாலுள்ள டயோடுகளை அளந்தார். ஒலிபெருக்கிப் பக்கத்து டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்தார். அங்கு எங்கேனும் குறுஞ்சுற்று இருந்தால், இங்குப் போடும் புதியவையும் ஒரு நொடியில் எரிந்துபோகும் அல்லவா? அங்கெல்லாம் பழுதில்லை. பிறகு மாஸ்ஃபெட்டுகள் இல்லாமலேயே போர்டுக்கு மின்சாரம் கொடுத்து, சில்லின் 12ஆம் காலில் மின்சாரம் வருகிறதா, 14ஆம் காலில் 5 வோல்ட் இருக்கிறதா, இரண்டு அணிகளுக்கும் கட்டளை சமமாகச் செல்கிறதா என்று பார்த்தார். கட்டளையிடுபவர் நலம். அதன் பிறகே புதியவை ஆறும் ஏறின. கெட்டது ஒன்றுதானே, ஐந்தை ஏன் மாற்ற வேண்டும் என்று வேன்காரர் கேட்டார். பழையதும் புதியதும் ஒரே அணியில் நின்றால் சுமையைச் சமமாகப் பகிராது என்றார் தம்பி.

இப்போதுதான் அந்த மின்குமிழ் வந்தது. 12 வோல்ட், 21 வாட். மகிழுந்தின் பின்புறத்தில் பிரேக் விளக்காக எரியும் சாதாரணக் குமிழ். மின்கலனுக்கும் ஆம்ப்ளிபையருக்கும் நடுவே, பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் அதை மாட்டினார். 21ஐ 12ஆல் வகுத்தால் 1.75. ஆக உள்ளே எவ்வளவு பெரிய குறுஞ்சுற்று இருந்தாலும் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓட முடியாது. அந்தக் குமிழ் இல்லையேல் மகிழுந்து மின்கலன் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். உள்ளே பழுதிருந்தால் குமிழ் முழு ஒளியோடு எரியும், பொருள் பிழைக்கும். பழுதில்லையென்றால் மின்தேக்கிகள் நிரம்பும் வரை ஒருமுறை மின்னிவிட்டு மங்கும்.

குமிழ் மின்னியது, மங்கியது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"தொடர் மின்சுற்று!" என்றான் பையன். தம்பிக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. "சீரிஸ்" என்றேன் நான். "ஆமா, சீரிஸ்தான்" என்று தலையாட்டினார். அவர் ஐந்தாம் ஆண்டு படித்தது 2009இல். 2003இல் தொடங்கிய திட்டத்தின்படி அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் நடந்த காலம் அது. 2012 முதல் படிப்படியாக விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரே பள்ளியில், ஒரே பாடத்தைப் படித்த இருவருக்கும் இடையே சொல் மாறிவிட்டது. அத்திட்டத்தைப் பற்றிய என் கருத்தை இங்கே நீட்டப்போவதில்லை, அது தனிக்கதை. தமிழில் படித்தவனுக்கும் அந்தக் குமிழ் அடையாளம் தெரிந்தது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன். 'ஷார்ட்' என்பதைக் குறுஞ்சுற்று என்றும், 'வோல்டேஜ்' என்பதை மின்னழுத்தம் என்றும் பையன் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். தம்பியும் இரண்டொன்றைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

வேன்காரர் பணத்தை எடுத்தார். தம்பி வாங்கவில்லை. "இன்னும் முடியல அண்ணே. மூணு மாசத்துக்கு முன்னாலயும் இதான எரிஞ்சது? ஏன் எரிஞ்சதுன்னு பாக்காம மாட்டிவிட்டா மறுபடி எரியும்."

திருக்குறளின் 948ஆம் குறளில் வள்ளுவர் வைத்திருக்கும் வரிசை நினைவிருக்கும். நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தீர்க்கும் வழியை அறிந்து, அதன் பிறகே மருத்துவம். முன்பு பழுதுபார்த்தவர்கள் இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்திருந்தார்கள்.

கருவியை வேனில் பொருத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு, பாட்டை உரக்க வைத்தார். மீட்டரின் ஒரு கம்பியை மின்கலனின் நேர்முனையிலும் மற்றதை ஆம்ப்ளிபையரின் நேர்முனையிலும் தொட்டார்: 0.3 வோல்ட். வழியில் அவ்வளவுதான் இழப்பு. எதிர்முனைகளை அவ்வாறே தொட்டார்: 1.5 வோல்ட். எர்த் கம்பி இருக்கையின் ஆணியோடு முடுக்கப்பட்டிருந்தது. ஆணிக்கு அடியில் வண்டியின் சாயம், சாயத்துக்கு அடியில் துரு. அந்த இணைப்பின் மின்தடை ஓர் ஓமில் நூற்றில் ஆறு பங்கு இருக்கலாம். சாதாரண மீட்டரில் ஓம் அளவையில் வைத்துப் பார்த்தால் நல்ல இணைப்பாகவே தெரியும். ஆனால் 25 ஆம்பியர் ஓடும்போது அதுவே 1.5 வோல்ட்டை விழுங்குகிறது. 25ஐ 1.5ஆல் பெருக்கினால் 37 வாட்டுக்கு மேல். ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் 40 வாட்! அந்த ஆணியைத் தொட்டுப் பார்த்த பையன் கையை உதறினான்.

திடலில் நாங்கள் செய்ததையும் அவர் கேட்டறிந்தார். எண்ணெய் வீணாகுமே என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் ஒலிக்கவிடுவது வழக்கம். இயந்திரம் ஓடும்போது 14 வோல்ட்டை நெருங்கியிருக்கும் மின்கலன், நின்றபின் சுமையைத் தாங்காமல் 12க்குக் கீழே இறங்கும். அதில் 1.8 வோல்ட் வழியிலேயே போய்விட்டால் ஆம்ப்ளிபையரை அடைவது 10 வோல்ட்தான். இந்தக் கருவியோ உள்ளே மின்னழுத்தத்தை நிலையாக வைத்துக்கொள்ளும் வகை. (எல்லாக் கருவிகளும் அப்படியல்ல.) வெளியே 300 வாட் தேவையென்றால், வருவது குறையக் குறைய இது அதிக மின்னோட்டத்தை இழுக்கும். 13.8 வோல்ட்டில் 22 ஆம்பியர் போதும். 10 வோல்ட்டில் 30 ஆம்பியர் வேண்டும். மாஸ்ஃபெட்டில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அது ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். இருக்கைக்கு அடியில் காற்றோட்டமும் இல்லை. 650 ரிங்கிட் கொடுத்துப் புதிய கருவியை வாங்கியிருந்தாலும் அதே ஆணியில்தான் மாட்டியிருப்பார்கள்.

சாயத்தையும் துருவையும் உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டி, தடித்த குட்டைக் கம்பியொன்றால் வேறிடத்தில் முடுக்கினார். மறுபடி அளந்தபோது 0.1 வோல்ட். மொத்தச் செலவு 120 ரிங்கிட். அதில் கம்பிக்கே பாதி.

ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. நான் இப்போது மின்சுற்றுப் பாடத்தில் ஓர் ஒட்டுப்பலகை வைத்திருக்கிறேன். அதில் வரிசையாக எட்டு இணைப்புகள், இரண்டு உலர் மின்கலன்கள், ஒரு குமிழ். எட்டில் ஏதாவது ஒன்றை, பார்வைக்குத் தெரியாதபடி துண்டித்துவிடுவேன். பிள்ளைகள் சோதனைக் குமிழால் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகிறவர்களுக்கு ஏழு சோதனைகள்வரை தேவைப்படும். நடுவில் தொட்டு, பழுது இந்தப் பாதியிலா அந்தப் பாதியிலா என்று பார்ப்பவருக்கு மூன்றே போதும்: எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். கணக்கில் பின்தங்கும் சில பிள்ளைகள் இதை முதலில் பிடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். எதையும் தொடுவதற்கு முன் 'எங்கே என்று நினைக்கிறாய், ஏன்?' என்று எழுதச் சொல்லுங்கள். வாக்கியம் அமைக்கும் பயிற்சியும் ஆயிற்று.

பெற்றோர்களுக்கும் ஒன்று. மகிழுந்து மின்கலன் 12 வோல்ட்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். கைக்காப்போ மோதிரமோ இரண்டு முனைகளையும் தொட்டால் உலோகம் பழுக்கக் காய்ந்து தோலைப் பொசுக்கிவிடும். பட்டறையில் நுழைந்ததும் தம்பி முதலில் செய்தது, பையனின் கையிலிருந்த காப்பைக் கழற்றச் சொன்னதுதான்.

திரும்பும்போது வேன்காரர் நெடுநேரம் பேசவில்லை. சுங்காய் சாலைச் சந்திப்பைக் கடந்ததும், "இந்தப் படிப்பெல்லாம் எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். தம்பி சொந்தமாகப் பட்டறை வைப்பதற்கு முன் மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலையை முடித்தவர் என்பதைச் சொன்னேன். அதற்குமேல் திறன் டிப்ளோமாவும் உண்டு. இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்துக்குப் பிறகு தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். நமக்குத் தெற்கே சிலிம் ரிவரில் ஒன்று இருக்கிறது. ஈப்போவில் 1969இல் தொடங்கிய உங்கு ஓமார் போலிடெக்னிக் இருக்கிறது. தொழிற்பயிற்சிக் கழகமும் இருக்கிறது. எந்த ஆண்டு எந்தத் துறைக்கு இடம் என்பதை அங்கேயே நேரில் கேட்டறிவது நல்லது. ஆனால் எதற்கும் மலாயும் கணிதமும் வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கும் கேட்கும்படியாகத்தான்.

போட்டி விளையாட்டு நாளில் இயந்திரத்தை ஓடவிட்டபடி, இருக்கையை முன்னால் தள்ளிவைத்து, காலை ஏழரை முதல் நண்பகல் வரை ஆம்ப்ளிபையர் ஒலித்தது. இடையில் இரண்டு தடவை பையன் போய் எர்த் ஆணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். அடுத்த வாரம் வேன்காரர் அவனுக்கு 25 ரிங்கிட்டில் ஒரு மீட்டர் வாங்கித் தந்திருக்கிறார். மின்கலன் எதை வேண்டுமானாலும் அளக்கலாம். வீட்டுச் சுவரிலுள்ள செருகியின் பக்கம் மட்டும் போகக்கூடாது என்பது நிபந்தனை. நானும் அவனை வகுப்பில் தனியே அழைத்து அதையே சொல்லியிருக்கிறேன்.